துடிவிண்மீன்களும் அவை உமிழும் பேராற்றல் கதிர்களும்

(வெள்ளி விழா அறிவியல் அரங்கில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

இந்த அரங்கில் பேசுமாறு என்னைப் பணித்த கழகச் செயலாளர் அவர்கள் ஒரே ஒரு நிபந்தனை விதித்தார்கள். "பாட நூலில் உள்ளவற்றை எங்கள் பிள்ளைகள் தாமே படித்துக் கொள்வார்கள். அறிஞர்கள் இன்றும் விடை தேடிக் கொண்டிருக்கும் ஒன்றைப் பற்றிப் பேசுங்கள்" என்றார்கள். எனக்கு அது பெருமகிழ்ச்சியளித்த நிபந்தனை. அறிவியல் என்றாலே முடிந்துபோன விடைகளின் தொகுப்பு என்று எண்ணும் வழக்கம் நம்மிடையே உண்டு. அதனாலேயே விடை முழுதும் கிட்டாத ஒரு பொருளை இன்று எடுத்துக்கொண்டேன். பல்சார் என்று உலகம் அழைக்கும் துடிவிண்மீனே அது.

சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. துடி என்றால் நெஞ்சம் துடிப்பது மட்டுமன்று. இடை சுருங்கிய உடுக்கை போன்ற தோற்கருவிக்கும் தமிழில் துடி என்று பெயர். இந்த விண்மீன்களிலிருந்து வரும் அலைகளை ஒலிபெருக்கியில் செலுத்திக் கேட்டால், கை ஓயாமல் ஒரே தாளத்தில் தோற்கருவியை அறைவது போலவே கேட்கிறது. வேகமாகச் சுழல்பவை தாளமாகக் கூட அல்லாமல் ஒரு சுரமாகவே ஒலிக்கின்றன. ஆகவே துடிவிண்மீன் என்னும் பெயர் இரு பொருளிலும் பொருந்துகிறது.

இவ்விண்மீன்கள் கண்டறியப்பட்ட வரலாற்றை முதலில் கூறுகிறேன். இது பலமுறை சொல்லப்பட்ட கதையேயாயினும், அதில் மாணவர்கள் கூர்ந்து நோக்க வேண்டிய இடங்கள் சில உள்ளன.

1943ஆம் ஆண்டு வட அயர்லாந்தில் பிறந்தவர் ஜோஸ்லின் பெல். பதினொரு வயதில் எழுத வேண்டிய அரசுத் தேர்வில் அவர் தேறவில்லை. அந்நாட்டு முறைப்படி, மேற்கல்விக்கு உரிய பள்ளியில் யார் சேரலாம், யார் சேரலாகாது என்று பிரித்த தேர்வு அது. பின்னர் உயர்நிலை வகுப்புக்குச் சென்றபோது, சிறுவர்களை அறிவியற் கூடத்துக்கும் சிறுமியரைச் சமையல் வகுப்புக்கும் அனுப்பினார்கள். பெற்றோர் சென்று வாதாடிய பின்னரே அவருக்கு அறிவியற் கூடத்தின் கதவு திறந்தது. கிளாஸ்கோவில் இயற்பியல் பயின்று, 1965இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவியாகச் சேர்ந்தார்.

அங்கே ஆண்டனி ஹியூவிஷ் என்னும் பேராசிரியரின் கீழ், நாலரை ஏக்கர் நிலத்தில் ஒரு வானொலித் தொலைநோக்கி எழுப்பப்பட்டு வந்தது. தொலைநோக்கி என்றதும் பெரிய கண்ணாடி வில்லையை நினைக்க வேண்டா. ஆயிரத்துக்கும் மேற்பட்ட கம்பங்களை நட்டு, அவற்றிடையே கம்பி இழுத்து, இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட அலைவாங்கிகளைக் கட்டிய ஓர் அமைப்பு அது. கம்பம் நடச் சம்மட்டி பிடித்தவர்களுள் பெல் அம்மையாரும் ஒருவர். இரண்டாண்டுகள் இவ்வுழைப்பு நடந்தது. 1967 ஜூலையில் கருவி இயங்கத் தொடங்கிற்று.

கருவி கண்டதையெல்லாம் ஒரு பேனா காகிதச் சுருளில் கோடாக வரைந்தது. நாளொன்றுக்கு ஏறத்தாழ 30 மீட்டர் காகிதம்! இன்றைய கணிப்பொறி அன்று அந்த மாணவியின் மேசையில் இல்லை. அத்தனை காகிதத்தையும் அவரே கண்ணால் ஆய்ந்தார். ஆகஸ்டு மாதத்தில், ஓர் அங்குலத்துக்கும் குறைவான இடத்தில் ஒரு கிறுக்கல் அவர் கண்ணில் பட்டது. விண்மீனின் அலையைப் போலவும் இல்லை. மோட்டார் வண்டியோ வானொலி நிலையமோ உண்டாக்கும் குறுக்கீட்டைப் போலவும் இல்லை. இதனை முன்பும் கண்டிருக்கிறோமே என்று பழைய சுருள்களைப் புரட்டினார். வானத்தின் அதே பகுதியிலிருந்து அதே கிறுக்கல் முன்னரும் வந்திருந்தது.

இங்கே மாணவர்கள் ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். விண்மீன்கள் நாள்தோறும் ஏறத்தாழ நான்கு நிமிடம் முன்னதாக உதிக்கின்றன. மனிதர் செய்யும் எதுவும் மனிதரின் கடிகாரப்படி நடக்கும். எட்டு மணி வண்டி நாளையும் எட்டு மணிக்கே வரும். ஆனால் இக்கிறுக்கலோ விண்மீன்களின் கடிகாரத்தைப் பின்பற்றியது. எனவே அது வானத்துக்கு உரியது. இதே நுட்பத்தை அதே 1967ஆம் ஆண்டில் அலாஸ்காவில் ஓர் அமெரிக்க விமானப்படை வீரரும் தம் ராடார் திரையில் உய்த்துணர்ந்திருக்கிறார். படைத்துறை இரகசியம் காரணமாக அச்செய்தி நாற்பது ஆண்டுகள் கழித்து, 2007இலேயே வெளிவந்தது. கண்டவர்கள் எல்லாம் கண்டதைச் சொல்லும் உரிமை பெற்றிருப்பதில்லை!

நவம்பர் 28ஆம் நாள், காகிதத்தை வேகமாக ஓடவிட்டுப் பதிவு செய்தபோது, கிறுக்கல் பிரிந்து தனித்தனித் துடிப்புகளாகத் தெரிந்தது. துடிப்புக்கும் துடிப்புக்கும் இடையே 1.337 விநாடி. இம்மியும் பிசகாத தாளம். பேராசிரியர் முதலில், இது மனிதர் செய்ததாகத்தான் இருக்க வேண்டும் என்றார். வேற்றுலக உயிர்கள் அனுப்பும் செய்தியோ என்ற ஐயமும் பாதி விளையாட்டாக எழுந்தது. "பச்சை மனிதர்கள்" என்று அதற்குப் பெயரும் சூட்டினார்கள். டிசம்பர் 21ஆம் நாள் இரவு, வானத்தின் முற்றிலும் வேறான பகுதியில் இரண்டாவது துடிப்பை பெல் கண்டபோது அந்த ஐயம் ஒழிந்தது. ஒன்றுக்கொன்று தொடர்பற்ற இரு உலகத்தார் ஒரே நேரத்தில் ஒரே முறையில் நமக்குச் சைகை காட்டுவார்களா? இது இயற்கையின் செயலே எனத் தெளிந்து, 1968 பிப்ரவரியில் நேச்சர் இதழில் உலகுக்கு அறிவித்தார்கள்.

1974ஆம் ஆண்டு இயற்பியலுக்கான நோபல் பரிசு ஹியூவிஷுக்கும் மார்ட்டின் ரைலுக்கும் வழங்கப்பட்டது. பெல் பெயர் அதில் இல்லை. பிரெட் ஹாயில் போன்ற வானியலறிஞர் வெளிப்படையாகவே கண்டித்தார்கள். பெல் அம்மையாரோ, மாணவர்களுக்கு நோபல் பரிசளிப்பது மிக அரிய நேர்வுகளில் மட்டுமே தகும், இது அத்தகையது என்று தாம் கருதவில்லை என்று 1977இல் கூறினார். அது அவருடைய பெருந்தன்மை. அப்பெருந்தன்மையைக் காட்டி, நடந்தது முறையே என்று வாதிடுவோருடன் நான் உடன்பட இயலாது. கருவியை வடிவமைத்தது பேராசிரியரின் அறிவு. ஆனால் கிறுக்கலைக் குறுக்கீடு என்று ஒதுக்கிவிடாமல் பிடித்து நிறுத்தியது மாணவியின் அறிவு. இரண்டில் ஒன்று இல்லையெனில் கண்டுபிடிப்பு இல்லை.

அந்தக் கூர்மை எங்கிருந்து வந்தது? அவரே பிற்காலத்தில் விளக்கியுள்ளார். கேம்பிரிட்ஜில் தமக்கு இடம் கொடுத்தது தவறு என்று ஒருநாள் கண்டுகொண்டு வெளியேற்றி விடுவார்கள் என்ற அச்சம் அவருக்கு இருந்ததாம். வெளியேற்றும் வரையிலாவது ஒன்றையும் விடாமல் உழைப்போம் என்று எண்ணினாராம். 2018இல் அவருக்கு முப்பது லட்சம் டாலர் கொண்ட சிறப்புப் பரிசு ஒன்று கிடைத்தது. அதில் ஒரு காசும் தமக்கென வைத்துக்கொள்ளாமல், பிரிட்டனின் இயற்பியல் நிறுவனம் வழியாக, இயற்பியல் ஆய்வில் குறைவாகவே இடம்பெற்றுள்ள பிரிவுகளைச் சேர்ந்த மாணவர்களின் உதவித்தொகைக்கென முழுவதையும் அளித்தார். புதிதாக உள்ளே வருபவர்கள் புதிய கண்ணோடு வருகிறார்கள் என்பது அவர் கூறிய காரணம். இந்த மேடையில் இதற்கு விளக்கவுரை தேவையில்லை.

இனி, அந்தத் துடிப்பின் மூலம் யாது என்பதைக் காண்போம்.

1930ஆம் ஆண்டு, சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று முடித்த 19 வயது இளைஞர் ஒருவர் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். சுப்பிரமணியன் சந்திரசேகர் என்பது அவர் பெயர். எரிபொருள் தீர்ந்த விண்மீன் சுருங்கி வெண்குள்ளனாக அமைதியுறும் என்று அக்காலத்தில் கருதினர். கப்பலில் அமர்ந்து கணக்கிட்ட சந்திரசேகர், ஒரு குறிப்பிட்ட எடைக்கு மேற்பட்டவை அவ்வாறு அமைதியுற முடியாது என்று கண்டார். சூரியனின் எடையைப் போல் ஏறத்தாழ 1.4 மடங்கு என்று இன்று நாம் கூறும் எல்லை அது. 1935இல் எடிங்டன் என்னும் பேரறிஞர் அவர் கருத்தை நிறைந்த அவையில் எள்ளி நகையாடினார். அதே கண்டுபிடிப்புகளுக்காக 1983இல் சந்திரசேகருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

எல்லையைக் கடந்தால் என்ன ஆகும்? 1932இல் நியூட்ரான் கண்டறியப்பட்டது. 1934இலேயே வால்டர் பாடேயும் பிரிட்ஸ் சுவிக்கியும், பெரிய விண்மீன் வெடித்துச் சிதறும்போது அதன் நடுப்பகுதி நியூட்ரான்களாலான ஒரு சிறு உருண்டையாக நெரிபடும் என்று கூறினார்கள். கேட்டவர்கள் பெரிதும் பொருட்படுத்தவில்லை. சூரியனைக் காட்டிலும் எடை மிகுந்த பொருள் ஏறத்தாழ 24 கிலோமீட்டர் குறுக்களவுக்குள் அடங்கிவிடும் என்றால் யார் நம்புவர்? அப்பொருளில் ஒரு தேக்கரண்டி அளவு பல நூறு கோடி டன் எடையிருக்கும்.

சுழன்று ஆடுபவர் விரித்த கைகளை மார்போடு ஒடுக்கினால் சுழற்சி விரைவதைக் கண்டிருக்கிறோம். மாபெரும் விண்மீனின் கரு இவ்வளவு சிறிதாக ஒடுங்கும்போது அதன் சுழற்சியும் அவ்வாறே விரைகிறது. அதன் காந்தப் புலமும் உடன் நெருக்கப்படுகிறது. நம் பூமியின் காந்த வலிமை அரை காஸ் அளவினது. இளைய துடிவிண்மீனுடையதோ லட்சம் கோடி காஸ் அளவினது. காந்த அச்சும் சுழல் அச்சும் ஒன்றாக இல்லாமையால், காந்த முனையிலிருந்து புறப்படும் அலைக்கற்றை கலங்கரை விளக்கத்தின் ஒளிபோல் வானைச் சுற்றி வருகிறது. அது நம்மைத் தொட்டுச் செல்லுந்தோறும் ஒரு துடிப்பு.

இந்தக் கருத்தை உறுதிப்படுத்தியவர்களுள் ஒருவர் சென்னையில் பிறந்த வி. இராதாகிருஷ்ணன், சர் சி. வி. இராமனின் மைந்தர். மைசூரில் பட்டப்படிப்பு முடித்தவர்; முனைவர் பட்டத்துக்கென முறையாகப் பயின்றவர் அல்லர்; கருவிகளைத் தம் கையாலேயே அமைத்துக் கற்றவர். ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் தொலைநோக்கியில் வேலா துடிவிண்மீனை ஆராய்ந்து, ஒவ்வொரு துடிப்பினுள்ளும் அலையின் அதிர்வுத் தளம் ஒழுங்காகத் திரும்புவதை 1969இல் குக் என்பவருடன் சேர்ந்து காட்டினார். சுழலும் காந்த முனை நம்மைக் கடந்து செல்வதற்கு அதுவே கண்கூடான சான்று. அதே ஆண்டில், அதே விண்மீன் திடீரெனச் சற்று விரைந்து சுழலத் தொடங்கியதையும் மான்செஸ்டர் என்பவருடன் அவர் கண்டறிந்தார். நியூட்ரான் உருண்டையின் உள்ளே உராய்வற்ற பாய்பொருள் இருக்கிறது என்ற எண்ணம் வலுப்பட அத்தகைய தடுமாற்றங்களே காரணமாயின.

இப்போது என் உரையின் நடுப்பொருளுக்கு வருகிறேன்.

1054ஆம் ஆண்டு, சீன வானியலார் பகலிலும் தெரிந்த ஒரு புதுவிண்மீனைக் குறித்து வைத்தார்கள். அவ்வெடிப்பின் எச்சமே இன்று நண்டு வளிமம் எனப்படும் மேகக் கூட்டம். ஏறத்தாழ 6500 ஒளியாண்டுத் தொலைவில் உள்ளது. ஆயிரம் ஆண்டுக்கு முன் வெடித்த ஒன்று இன்னும் ஏன் இவ்வளவு ஒளிர்கிறது, அதற்கு எரிபொருள் ஊட்டுவது யாது என்பது நெடுநாட் புதிர். 1967இல், பெல் அம்மையாரின் கண்டுபிடிப்பு வெளியாகும் முன்னரே, பாச்சினி என்னும் இத்தாலிய அறிஞர், சுழலும் காந்த நியூட்ரான் விண்மீனே அதற்கு ஆற்றல் ஊட்டக்கூடும் என்று எழுதியிருந்தார். மறு ஆண்டில் அம்மேகத்தின் நடுவே, விநாடிக்கு ஏறத்தாழ 30 முறை சுழலும் துடிவிண்மீன் அகப்பட்டது. அதன் சுழற்சி நாளொன்றுக்கு விநாடியின் 3600 கோடி கோடியில் ஒரு பங்கு என்பது போல் ஏதோ அற்பமாகத் தளர்கிறது என்று எண்ணிவிட வேண்டா. ஒரு சுற்றுக்கு ஆகும் நேரம் நாள்தோறும் ஏறத்தாழ 36 நானோவிநாடி, அதாவது விநாடியை நூறு கோடிக் கூறாக்கி அதில் 36 கூறு, கூடுகிறது. அவ்வளவு எடையுள்ள பொருள் அவ்வளவேனும் தளர்வதால் வெளியாகும் ஆற்றல், நம் சூரியன் உமிழும் ஆற்றலைப்போல் ஏறத்தாழ ஒரு லட்சம் மடங்கு! மேகத்தின் ஒளிர்வுக்கும் இக்கணக்குக்கும் பொருத்தம் உண்டு. புதிர் அவிழ்ந்தது.

ஆனால் ஒரு புதிர் அவிழ்ந்த இடத்தில் மற்றொன்று முளைத்தது. சுழற்சி ஆற்றல் எவ்வாறு கதிராக மாறுகிறது? வானொலி அலையாக வெளிப்படுவது அதில் மிகமிகச் சிறு பங்கே. பல துடிவிண்மீன்களில் காமாக் கதிராக வெளிப்படுவதுதான் நாம் காணும் கதிர்வீச்சில் பெரும்பங்கு.

ஒளியானது ஃபோட்டான் என்னும் சிறு பொட்டலங்களாக வருகிறது. நம் கண் காணும் ஒளியின் ஃபோட்டான் ஒன்றுக்கு ஏறத்தாழ 2 எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றல். மருத்துவமனையில் எலும்பைப் படம் பிடிக்கும் எக்ஸ் கதிருக்குப் பல்லாயிரம். காமாக் கதிருக்கு லட்சக்கணக்கில் தொடங்கி மேல் எல்லையே தெரியாது. இக்கதிர்களைக் காற்று மண்டலம் தடுத்துவிடுவதால், செயற்கைக்கோளை அனுப்பியே நேரடியாகப் பிடிக்க வேண்டும். 1970களில் சென்ற கோள்கள் நண்டு, வேலா ஆகிய இரண்டின் காமாத் துடிப்பைக் கண்டன. இன்னொரு வலிய மூலமும் தெரிந்தது. ஆனால் அவ்விடத்தில் வானொலித் துடிப்பு ஏதும் இல்லை. மிலான் நகரத்து ஆய்வாளர் அதற்கு ஜெமிங்கா என்று பெயரிட்டனர். அவர்களுடைய வட்டார வழக்கில் "அங்கே இல்லை" என்று பொருள்படும் சொல்லாம். இருபதாண்டுத் தேடலுக்குப் பின், 1992இல் எக்ஸ் கதிர்க் கோள் ஒன்று அதன் 237 மில்லிவிநாடித் துடிப்பைப் பிடித்தது. இல்லை என்று பெயர் பெற்றது இருந்தது!

2008 ஜூனில் பெர்மி என்னும் விண்வெளித் தொலைநோக்கி ஏவப்பட்டது. அதற்கு முன் காமாத் துடிப்புத் தெரிந்த விண்மீன்கள் பத்துக்கும் குறைவு. 2023இல் வெளியான பெர்மியின் மூன்றாம் பட்டியலில் உறுதிசெய்யப்பட்டவை 294. அவற்றுள் பல, ஜெமிங்காவைப் போன்று, காமாக் கதிரில் மட்டுமே துடிப்பவை அல்லது வானொலியில் மிக மங்கலானவை. காமாக் கதிர்கள் ஒன்றிரண்டாகவே வந்து சேர்வதால், ஆண்டுக்கணக்கில் சேர்ந்த வருகை நேரங்களை அடுக்கிப் பார்த்தே தாளத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். பல நாடுகளில் பொதுமக்கள் தம் வீட்டுக் கணிப்பொறியை ஓய்வு நேரத்தில் இணையம் வழியே கடனாகத் தந்து உதவும் ஐன்ஸ்டீன் அட் ஹோம் என்னும் திட்டத்தினாலேயே இவற்றுள் பல அகப்பட்டன. புனேவை அடுத்து, 45 மீட்டர் விட்டமுள்ள 30 கிண்ணங்களைக் கொண்ட நம் நாட்டு மீட்டரலைத் தொலைநோக்கியும், பெர்மி கண்ட இனம் தெரியாத மூலங்களுள் சிலவற்றை மில்லிவிநாடித் துடிவிண்மீன்கள் என்று காட்டியுள்ளது.

இத்தகைய காமாக் கதிர் விண்மீனின் எந்த இடத்தில் பிறக்கிறது? நாற்பதாண்டுக் காலம் அறிஞரிடையே வழக்காக இருந்த வினா இது.

சுழலும் காந்தம் மின்விசையை உண்டாக்கும் என்பது பள்ளிப் பாடம். நம் ஊர்களுக்கு மின்சாரம் வருவதும் அவ்வாறே. துடிவிண்மீனில் அம்மின்விசை, பரப்பிலுள்ள எலெக்ட்ரான்களைப் பெயர்த்தெடுத்து மேலே எறியுமளவு வலியது என்று கோல்டுரைச், ஜூலியன் ஆகிய இருவர் 1969இல் காட்டினர். விண்மீனைச் சூழ்ந்து மின்துகள் மண்டலம் ஒன்று உருவாகி, விண்மீனுடனேயே சுழல்கிறது. சிறுவர்கள் கைகோத்து வரிசையாய் நின்று ஒருவனை நடுவாக வைத்துச் சுற்றும் விளையாட்டை நினைவு கூருங்கள். நடுவில் நிற்பவன் மெல்லத் திரும்பினாலே போதும். கடைசிச் சிறுவன் தலைதெறிக்க ஓட வேண்டும். சங்கிலி நீண்டால் ஓர் இடத்தில் அவன் கை நழுவியே தீரும். விண்மீனைச் சுற்றியும் அத்தகைய எல்லையொன்று உண்டு. அதற்கப்பால் உடன் சுழல வேண்டுமானால் ஒளியை மிஞ்சி ஓட வேண்டும், அது இயலாது. நண்டு விண்மீனுக்கு அவ்வெல்லை ஏறத்தாழ 1600 கிலோமீட்டர். வேலாவுக்கு ஏறத்தாழ 4300 கிலோமீட்டர். ஒளி உருளை என்று இதனை அழைக்கிறார்கள்.

எலெக்ட்ரான்கள் காந்த முனைக்கு அருகே, பரப்பை ஒட்டியே விரைவூட்டம் பெற்றுக் காமாக் கதிரை உமிழ்கின்றன என்பது ஒரு சாரார் கொள்கை. ஒளி உருளையை நெருங்கிய புற இடைவெளிகளிலேயே அது நிகழ்கிறது என்பது மற்றொரு சாரார் கொள்கை. இரு தரப்பிலும் பேரறிஞர்கள். இரு தரப்பிலும் அழகிய கணக்குகள். முடிவு எவ்வாறு வந்தது என்பதே சுவையானது.

மிக வலிய காந்தப் புலத்தில் செல்லும் பேராற்றல் காமாக் கதிர், எலெக்ட்ரானும் பாசிட்ரானும் கொண்ட இணையாக மாறி மறைந்துவிடும். எனவே விண்மீனின் பரப்பருகே பிறக்கும் கதிர்களுள் ஆற்றல் மிக்கவை தப்பி வெளிவர இயலாது; சில நூறு கோடி எலெக்ட்ரான் வோல்டுக்கு மேல் கதிர்மாலை செங்குத்தாக அறுபட வேண்டும். தொலைவில் பிறப்பவைக்கு அத்தடை இல்லை. ஆகவே பேராற்றல் ஃபோட்டான்கள் துடிப்போடு வந்து சேர்கின்றனவா என்று பார்த்தாலே வழக்குத் தீர்ந்துவிடும்.

அவற்றைப் பிடிக்கச் செயற்கைக்கோள் போதாது. அவ்வளவு அரியவை அவை. இங்கே காற்று மண்டலமே கருவியாகிறது. பேராற்றல் காமாக் கதிர் மேல்வளியில் மோதி, துகள்மழையைப் பொழிவிக்கிறது. அம்மழை செல்லும் வழியில் சில நானோவிநாடிகளே நிலைக்கும் மங்கிய நீல ஒளி மின்னுகிறது. செரன்கோவ் ஒளி எனப்படும் அதனை, நிலவற்ற இரவில் பெரிய கண்ணாடிகளைக் கொண்டு பிடிக்கலாம். இம்முறையில் துடிவிண்மீனைத் தேடும் பணி நம் உதகமண்டலத்தில், டாட்டா அடிப்படை ஆய்வுக் கழகத்தாரால், துடிவிண்மீன்கள் அறியப்பட்ட சில ஆண்டுகளுக்குள்ளாகவே தொடங்கப்பட்டது. தேடொளி விளக்குகளின் கண்ணாடிகளைக் கொண்டு தொடங்கிய எளிய முயற்சி அது. நீலகிரிச் சரிவில் 530 மீட்டர் நீளமுள்ள வானொலித் தொலைநோக்கியைக் கோவிந்த் சுவரூப் எழுப்பி முடித்த 1970ஐ ஒட்டிய காலம். பின்னர் அச்செரன்கோவ் பணி மத்தியப் பிரதேசத்துப் பச்மடிக்கும், அதன்பின் லடாக்கின் ஹான்லே மேட்டுக்கும் பெயர்ந்தது.

2008இல் கானரித் தீவிலுள்ள மேஜிக் தொலைநோக்கி, நண்டு விண்மீனின் துடிப்பை 2500 கோடி எலெக்ட்ரான் வோல்டுக்கு மேல் கண்டது. பரப்பருகே பிறக்கிறது என்ற கொள்கை அன்றே சாய்ந்தது. பெர்மி கண்ட கதிர்மாலைகளும் அதையே உறுதி செய்தன. வழக்கில் தோற்ற தரப்பார் முகம் கோணவில்லை. புதிய அளவீட்டை ஏற்றுத் தம் கணக்கைத் திருத்தத் தொடங்கினர்.

வென்றவர்களுக்கும் நெடுநாள் நிம்மதி இல்லை. 2011இல் அரிசோனாவின் வெரிட்டாஸ் குழுவினர் அதே துடிப்பை 10,000 கோடி எலெக்ட்ரான் வோல்டுக்கு மேல் கண்டனர். புற இடைவெளிக் கொள்கையினர் எதிர்பார்த்த எளிய கதிர்வீச்சு முறையில் இவ்வளவு ஆற்றல் பிறக்க இயலாது. 2016இல் மேஜிக் குழுவினர் அதனை ஒன்றரை லட்சம் கோடிவரை கொண்டு சென்றனர். 2023 அக்டோபரில் நமீபியாவின் ஹெஸ் தொலைநோக்கிக் குழுவினர் வெளியிட்ட முடிவு எல்லாவற்றையும் மிஞ்சியது. விநாடிக்கு 11 முறை சுழலும் வேலாவிலிருந்து 20 லட்சம் கோடி எலெக்ட்ரான் வோல்ட் வரையான ஃபோட்டான்கள் துடிப்போடு வருகின்றன! நம் கண் காணும் ஒளியைப்போல் பத்து லட்சம் கோடி மடங்கு ஆற்றல்.

அத்தகைய ஃபோட்டானை உதைத்து அனுப்பிய எலெக்ட்ரானுக்கு அதற்குக் குறையாத ஆற்றல் இருந்திருக்க வேண்டும். அவ்விரைவூட்டம் எங்கே நடந்தது? ஒளி உருளைக்கு அப்பால், எதிரெதிர்க் காந்தக் கோடுகள் சந்திக்கும் மெல்லிய மின்னோட்டத் தகடு ஒன்றில் காந்தக் கோடுகள் அறுந்து மீண்டும் இணைவதால் நிகழ்கிறது என்று இன்று பலர் கருதுகின்றனர். பெருங்கணிப்பொறிகளில் கோடிக்கணக்கான துகள்களை ஓடவிட்டுப் பார்க்கும் கணக்குகளும் அத்திசையையே காட்டுகின்றன. எனினும், துடிப்பின் கூர்மை கெடாமல் அவ்வளவு வெளியிலிருந்து எவ்வாறு வருகிறது என்பது போன்ற வினாக்கள் தீரவில்லை. வானொலித் துடிப்பு உண்டாகும் முறையோ, அரை நூற்றாண்டு கடந்தும், யாவரும் ஒப்பும் விளக்கம் பெறவில்லை.

எக்ஸ் கதிர் பற்றியும் சிறிது கூற வேண்டும். சந்திரசேகரின் பெயரால் 1999இல் ஏவப்பட்ட சந்திரா விண்கலம், நண்டு விண்மீனைச் சுற்றி ஒளி வளையங்களையும் பீறிடும் தாரைகளையும் படம் பிடித்தது. 2017இல் பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் பொருத்தப்பட்ட நைசர் என்னும் கருவி, ஒரு துடிவிண்மீனின் பரப்பிலுள்ள வெப்பப் புள்ளிகளின் வரைபடத்தையே 2019இல் தந்தது. பாட நூற்படங்களில் இரு முனைகளிலும் எதிரெதிராக இருக்க வேண்டிய புள்ளிகள் இரண்டும் அங்கே ஒரே பாதிக்கோளத்தில் இருந்தன. நாம் எளிதாக வரையும் சட்டக்காந்தப் படம் எவ்வளவு போதாதது என்பது அதனால் தெரிந்தது. அதே அளவீட்டினால் அவ்விண்மீனின் ஆரம் ஏறத்தாழ 13 கிலோமீட்டர் என்றும் கணித்தார்கள். நியூட்ரான் பொருள் எவ்வளவு அமுங்கும் என்பதை அளக்க வேறு வழிகள் மிகச் சிலவே.

இவையெல்லாம் கற்றவர்க்கு மட்டும் உரிய செய்திகள் என்று தாய்மார்கள் சிலர் எண்ணக்கூடும். பெல் அம்மையார் அன்று பயன்படுத்திய கருவி கம்பமும் கம்பியும் காகிதமும்தான். இன்றோ பெர்மி திரட்டும் ஃபோட்டான் ஒவ்வொன்றின் வருகை நேரமும் உலகத்தார் எவரும் கட்டணமின்றி எடுத்து ஆராயுமாறு இணையத்தில் வைக்கப்பட்டுள்ளது. கழகத்தின் கணிப்பொறி அறையில் மாலை நேரத்தில் அமரும் ஒரு மாணவிக்கும் அமெரிக்கப் பேராசிரியருக்கும் கிடைப்பது ஒரே பட்டியல். அதைப் படிக்கக் கணிதமும் ஆங்கிலமும் சிறிது கணிப்பொறி மொழியும் வேண்டும். அவற்றைக் கற்பிக்கும் பொறுப்பு நம்முடையது. அதில் குறை வைத்துக்கொண்டு பிள்ளைகளுக்கு ஆர்வமில்லை என்று கூறுவது முறையாகாது.

ஹான்லே மேட்டில், கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 4300 மீட்டர் உயரத்தில், 21 மீட்டர் விட்டமுள்ள மேஸ் என்னும் செரன்கோவ் தொலைநோக்கி 2024 அக்டோபரில் திறந்து வைக்கப்பட்டது. கானரித் தீவிலும் சிலி நாட்டிலும் அதனினும் பெரிய தொலைநோக்கித் தொகுதியொன்று பன்னாட்டு முயற்சியாக எழும்பி வருகிறது. வேலா ஒன்றுதான் இத்தகையதா, வேறு துடிவிண்மீன்களும் அவ்வளவு ஆற்றலோடு துடிக்கின்றனவா என்பதை அவை தேடும். வினாக்கள் கேட்க விரும்பும் மாணவர்கள் கூட்டம் முடிந்ததும் முன்வரிசைக்கு வரலாம்; மின்சாரம் இருக்கும் வரை நான் இங்கேயே இருக்கிறேன்.